என் பெயர் போட்ட வகுப்பறை

மாலை வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு எங்கே சறுக்கினேன் என்று எழுதி வைப்பது என் பழக்கம். எங்கே சாதித்தேன் என்று எழுதுவதில்லை; எழுதும் அளவுக்கு எதுவும் நடந்ததாக எனக்குத் தோன்றியதில்லை. ஆன்லைன் பயிற்சி தொடங்கிய பிறகு பக்கங்கள் மளமளவென்று தீர்ந்தன. இப்போது எடுத்துப் படித்தால் பாதி வரிகள் கேள்விக்குறியில் முடிகின்றன. அவற்றை ஒழுங்காக அடுக்கிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் வகுப்பைச் சொல்ல வேண்டும். பகலில் சின்னப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் மாலையில் ஓர் அறையைப் பெரியவர்களுக்காகத் திறந்துவிடுவார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் குட்டிப் பெஞ்சுகளில் முட்டி இடிக்க உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். தையல்கடை வைத்திருக்கும் அம்மா, அடுக்குமாடிக் கட்டடத்துக் காவலாளி, டாக்சி ஓட்டுநர், இன்னும் சிலர். எல்லாருமே என்னைவிட மூத்தவர்கள். தையல்கார அம்மாவுக்கு என்னை 'சார்' என்று கூப்பிடச் சிரிப்பு வந்தது, 'தம்பி' என்று கூப்பிடத் தயக்கமாக இருந்தது. ஒரு நாள் இரண்டையும் சேர்த்து 'தம்பி சார்' என்றார். அதுவே என் பெயராகிவிட்டது.

பெரியவர்களிடம் ஒரு சங்கடம் உண்டு. புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவே மாட்டார்கள். பாடம் முழுக்கத் தலையாட்டிவிட்டு, மறுநாள் வராமல் நின்றுவிடுவார்கள். அப்படி நின்றுபோன இரண்டு பேரை நினைத்துத்தான் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வெள்ளை ரப்பர் இருக்கும். புரியாத இடம் வந்தால் யாரும் எதுவும் பேச வேண்டாம். ரப்பரை மேசையின் வலது மூலைக்குத் தள்ளினால் போதும். நான் கரும்பலகையிலிருந்து திரும்பும்போது மூலைகளைப் பார்ப்பேன். எந்த மூலை வெள்ளையாக இருக்கிறதோ அங்கே போய்ப் பக்கத்தில் குனிந்து நிற்பேன். பென்சிலை அவர் கையிலிருந்து வாங்க மாட்டேன். அது என் இன்னொரு விதி. வாங்கிவிட்டால் எழுதியது நான், பார்த்தது அவர் என்று ஆகிவிடும்.

இந்த வகுப்பு நின்றுபோகும் நிலை வந்தது. பள்ளிக் கூரையில் விரிசல் கண்டார்கள். சில வாரங்களில் பழுது பார்க்கத் தொடங்குவார்கள்; முடிக்கும் வரை கட்டடத்துக்குள் யாரும் வரக் கூடாது. மாலை வகுப்புகளின் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்தே சொன்னார்.

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, வகுப்பை ஆன்லைன்ல நடத்துங்க. அதுக்குப் பயிற்சி முடிச்ச சான்றிதழ் வேணும். இல்லேன்னா உங்க ஆட்களை நகரத்தோட அந்தக் கோடியில இருக்கிற மையத்துல சேர்த்துவிடறேன்."

"அவ்வளவு தூரம் அவங்க வர மாட்டாங்களே சார்."

"அப்ப பயிற்சியை முடிங்க. நீங்க சின்ன வயசுக்காரர். இதெல்லாம் உங்களுக்கு ஊதித்தள்ற விஷயம்."

அதை வகுப்பில் சொன்னபோது தையல்கார அம்மா ஊசி கோர்ப்பது போல என்னைக் கண் சுருக்கிப் பார்த்தார். அவருடைய கடை அடுத்த தெருவில் இருக்கிறது. முன்பெல்லாம் தைக்க வந்த துணி மூட்டைகளில் யாருடையது என்று தெரிய பூ, குடை, மீன் என்று படம் வரைந்து சீட்டு குத்துவார். இப்போது பெயரின் முதல் எழுத்துகளை எழுதுகிறார். முழுப் பெயர் எழுதும் நாளுக்காகக் காத்திருக்கிறார்.

"அந்தக் கோடிக்குப் போகணும்னா நான் மதியமே கடையை மூடணும் தம்பி சார்" என்றார். "கடையை மூடிட்டு, யார் துணியில யார் பேரை எழுதறது? நீங்க அந்தச் சான்றிதழை வாங்கிடுங்க. நாங்க போன்ல படிச்சுக்கறோம்."

"வாங்கிடறேன்மா" என்றேன். அவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை. அன்று எழுதியதில் அந்த வரிக்குப் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி இருக்கிறது.

*

நான் அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்கா ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். சாப்பாட்டு மேசையில் ஒரு முனையில் அவளுடைய கம்ப்யூட்டர், மறுமுனையில் அவள் எனக்குத் தூக்கிக் கொடுத்த பழைய லேப்டாப். அதில் ஓர் எழுத்துப் பொத்தான் கழன்று போயிருக்கும். அந்த இடத்தில் விரலை அமுக்கினால் பஞ்சில் அமுக்குவது போல இருக்கும், ஆனால் எழுத்து விழும்.

பயிற்சி இப்படித்தான் என்று எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். வாரம் ஒரு பாட வீடியோவின் லிங்க் மின்னஞ்சலில் வரும். பார்த்துவிட்டு, ஒரு பாடத்திட்டம் தயாரித்துப் பயிற்சியின் இணையதளத்தில் போட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை எல்லாரும் திரையில் கூடுவோம். பயிற்சி தரும் மேடம் பேசுவார். எல்லாரும் என்னைப் போலவே எங்கெங்கோ பெரியவர்களுக்குப் பாடம் எடுக்கிறவர்கள்.

முதல் கூட்டத்தில் எல்லாரும் தங்களைப் பற்றிச் சொன்னார்கள். என் முறை வந்ததும் நான் நிதானமாக, நிறுத்தி நிறுத்தி, என் வகுப்பைப் பற்றியும் கூரையைப் பற்றியும் பேசினேன். முடித்ததும் யாரும் எதுவும் சொல்லவில்லை. நெகிழ்ந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

"சார், மைக்" என்றார் மேடம்.

மைக்கைத் தேடினேன். தேடும்போது கேமரா அணைந்தது. கேமராவைத் தேடும்போது நானே வெளியே வந்துவிட்டேன். மறுபடி உள்ளே போனபோது எங்களைச் சிறு குழுக்களாகப் பிரித்திருந்தார்கள். என் குழுவில் நானும் இன்னொரு பெண்மணியும். அவருடைய கேமரா கூரையைப் பார்த்திருந்தது. ஒரு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"வணக்கம்" என்றேன் மின்விசிறியிடம்.

"வணக்கம். இங்க என்ன பண்ணணும்?" என்றது குரல்.

"தெரியலைங்க. நீங்க சொல்வீங்கன்னு நினைச்சேன்."

"நான் நீங்க சொல்வீங்கன்னு இருக்கேன்."

இருவரும் மரியாதையாகக் காத்திருந்தோம். பிறகு எதுவோ எங்களைத் தூக்கிப் பெரிய கூட்டத்தில் போட்டது. "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று மேடம் கேட்டார். திரையின் ஓரத்தில் 'புரிந்தது', 'புரிந்தது மேடம்', 'மிக நன்று' என்று வரிசையாக விழுந்தது. நானும் 'புரிந்தது' என்று தட்டினேன். தட்டிய கை எனக்கே பிடிக்கவில்லை.

"என்னடா, எப்படிப் போச்சு?" என்றாள் அக்கா.

"நல்லாப் போச்சு."

"உன் மூஞ்சியைப் பார்த்தா தொலைஞ்சுபோன பையைத் தேடி வந்தவன் மாதிரி இருக்கு."

"நல்லாப் போச்சுன்னு சொல்றேன்ல."

*

முதல் பாடத்திட்டத்தைத் தளத்தில் போடும் நாள் வந்தது. உள்ளே போனதும் இரண்டு கட்டங்கள் தெரிந்தன. ஒன்றில் மேடத்தின் படம். இன்னொன்றில் என் முழுப் பெயர், பக்கத்தில் 'வகுப்பறை' என்று போட்டிருந்தது. மேடத்தின் படம் இருந்த கட்டத்தைத் தொடவே இல்லை. அடுத்தவர் அறைக்குள் தட்டாமல் நுழையும்படி நான் வளர்க்கப்படவில்லை. என் பெயரே போட்ட அறை இருக்கும்போது வேறு எங்கே போவேன்? உள்ளே போனேன்.

பாட வீடியோவில் மேடம் 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்தச் சொல்லியிருந்தார். என் அறையில் அப்படி எதுவும் இல்லை; 'வெளியிடு' என்றுதான் இருந்தது. புதிய பதிப்பாக இருக்கும் என்று அதை அழுத்தினேன். 'வாழ்த்துகள்! உங்கள் பாடம் வெளியாகிவிட்டது' என்று வந்தது. என்னை எதுவும் அதுவரை அப்படி வாழ்த்தியதில்லை.

இன்னும் ஒன்று இருந்தது. பக்கத்துப் பகுதியில் 'மாதிரி மாணவர்' என்று ஒரு பெயர், அதற்கு எதிரே மதிப்பெண் போட ஒரு பெட்டி, கருத்து எழுத ஒரு பெட்டி. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அறையில் இருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே மாணவர் நான்தான். நம் வேலைக்கு நாமே மதிப்பெண் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று முடிவு செய்தேன். நல்ல முறைதான். நானே வகுப்பில் அப்படிச் செய்யச் சொல்வதுண்டு.

நேர்மையாகப் போட வேண்டும் என்று பாடத்திட்டத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். பத்துக்கு நான்கு போட்டேன். கருத்துப் பெட்டியில் 'தொடக்கம் வளவளவென்று இருக்கிறது. மாணவர் எங்கே பேசுவார்? இன்னும் யோசிக்கவும்' என்று எழுதினேன். சிறிது நேரத்தில் 'மதிப்பெண் பதிவாகியது' என்று மின்னஞ்சல் வந்தது. எனக்கு நிம்மதி. ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

இப்படியே வாரந்தோறும் போட்டேன். இரண்டாம் பாடத்துக்கு ஐந்து. மூன்றாவதற்கு மறுபடி நான்கு. அதில் படங்கள் தலைகீழாக விழுந்தன. அதற்கு மாதிரி மாணவரைக் கொஞ்சம் கடுமையாகவே கண்டித்தேன்.

இடையில் ஒருமுறை அக்காவிடம் உதவி கேட்டேன். படத்தை எப்படி நேராக்குவது என்று மட்டும்தான் கேட்டேன். அவள் என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினாள்.

"இங்க பாரு. இதை இப்படி, அப்புறம் இப்படி, இதோ, இப்படி. அவ்வளவுதான்!"

படம் நேராகிவிட்டது. நான் பார்த்ததெல்லாம் ஓர் அம்புக்குறி திரையில் ஈ மாதிரி பறந்ததைத்தான்.

"இன்னொரு தடவை மெதுவாச் செய்யேன்க்கா."

"அதான் ஆயிடுச்சே. ஆனதை எதுக்குத் திரும்பச் செய்யணும்?"

"நான் செய்யணும்ல?"

"வாத்தியாரே, ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்க, இது தெரியாதா?" என்று சிரித்துவிட்டு அவள் தன் முனைக்குப் போய்விட்டாள். பென்சிலை ஏன் வாங்கக் கூடாது என்று அன்று எனக்குக் கூடுதலாக ஒரு காரணம் கிடைத்தது. ஆனால் படத்தை நேராக்க இன்னும் தெரியவில்லை.

*

பயிற்சி முடியும் வாரத்தில், திங்கட்கிழமை, ஒரு மின்னஞ்சல் வந்தது. 'தாங்கள் இதுவரை எந்த ஒப்படைப்பையும் சமர்ப்பிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் அனைத்தையும் சமர்ப்பிக்காவிட்டால் சான்றிதழ் வழங்க இயலாது.'

வேறு யாருக்கோ வர வேண்டியது என்று நினைத்தேன். பெயரைப் பார்த்தேன், என் பெயர்தான். தளத்துக்குள் போனேன். என் அறையில் என் பாடங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. மதிப்பெண்கள் இருந்தன. கருத்துகள் இருந்தன. மின்னஞ்சலை மறுபடி படித்தேன். எதையும் சமர்ப்பிக்கவில்லை. அறையை மறுபடி பார்த்தேன். எல்லாம் இருந்தது. இரண்டில் ஒன்று கண்கட்டு வித்தை என்று புரிந்தது, எது என்று புரியவில்லை.

அக்கா எட்டிப் பார்த்தாள். "எல்லாம் கண் முன்னால இருக்கே. அப்புறம் என்ன வேணுமாம் அவங்களுக்கு?"

"அதானே!"

"யாருக்கு அனுப்பின?"

"தளத்துக்கு."

"தளத்துல யாருக்கு?"

அந்தக் கேள்வியில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் பட்டது. அதற்குள் அவளுக்கு அலுவலக அழைப்பு வந்துவிட்டது.

உதவி எண்ணுக்குப் பேசினேன். இசை கேட்டு, இசை கேட்டு, கடைசியில் ஒருவர் வந்தார்.

"சார், பழைய பதிவுகளை அழிச்சுட்டுத் திரும்ப உள்ள போங்க."

"எந்தப் பதிவுகளை? என் பாடங்களையா?"

"இல்ல சார், பிரவுசர்ல."

"அழிச்சா என் பாடம் இருக்குமா?"

"உங்களுக்கு என்ன தெரியுது சார், திரையில?"

"என் பாடம் எல்லாம் தெரியுது."

"அப்ப பிரச்சினை இல்லையே சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

அவர் சொன்னபடி அழித்தேன். பாடங்கள் இருந்தன. பாஸ்வேர்டுதான் போய்விட்டது. புதிய பாஸ்வேர்டு வாங்கவே செவ்வாய்க்கிழமை முழுதும் ஆனது.

வியாழக்கிழமை வகுப்பு, அந்தக் கட்டடத்தில் கடைசி வகுப்பு. சுவரில் பிள்ளைகள் ஒட்டியிருந்த காகிதப் படங்களை எல்லாம் கழற்றியிருந்தார்கள். பசை வட்டங்கள் மட்டும் இருந்தன. நான் ஒரே சொல்லைக் கரும்பலகையில் இரண்டு முறை எழுதிவிட்டு எதற்கு எழுதினேன் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பினேன். பழக்கத்தில் மூலைகளைப் பார்த்தேன். எந்த மேசையிலும் ரப்பர் மூலையில் இல்லை. ஆனால் என் மேசையின் வலது மூலையில் ஒரு ரப்பர் இருந்தது. நான் அதை வைக்கவில்லை.

"நான்தான் தள்ளினேன்" என்றார் தையல்கார அம்மா. "இன்னிக்கு வாத்தியாருக்குத்தான் புரியலைன்னு பட்டுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். காவலாளி அண்ணன் பெஞ்சைத் தட்டினார். "யார் வந்து குனிஞ்சு சொல்லித்தருவா, சொல்லுங்க தம்பி சார்!"

"நாளைக்குச் சான்றிதழ் முடிவு" என்றேன். "எனக்கு ஒண்ணுமே புரியலை. என்ன தப்பு பண்றேன்னே தெரியலை."

சிரிப்பு நின்றது. தையல்கார அம்மா தன் முன்னால் இருந்த தாளைப் பார்த்தார். அதில் ஒரு வாடிக்கையாளரின் முழுப் பெயர் முக்கால்வாசி எழுதப்பட்டு நின்றிருந்தது.

"கிடைக்கலைன்னா?" என்று கேட்டார் டாக்சி ஓட்டுநர்.

கிளம்பும்போது என் மேசை மூலையில் இருந்த ரப்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

*

வெள்ளிக்கிழமைக் கூட்டம் வழக்கம் போலத்தான் தொடங்கியது. மேடம் பேசினார். ஒரு மின்விசிறி சுற்றியது. நான் மைக் படத்தைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிலர் இன்னும் எதுவும் சமர்ப்பிக்கலை" என்றார் மேடம். "எப்படிச் செய்யணும்னு முதல் வாரமே சொல்லியிருக்கேன். இப்ப மறுபடி ஒரு தடவை சொல்றேன்." அவர் திரையில் அம்பு பறந்தது. இதோ, இப்படி, இப்படி. "எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

ஓரத்தில் விழ ஆரம்பித்தது. 'புரிந்தது.' 'புரிந்தது மேடம்.' 'நன்றி.'

என் விரலும் தானாக அந்த எழுத்துகளுக்குப் போனது. கழன்ற பொத்தானின் பஞ்சுப் பள்ளத்தில் விரல் பட்டதும் நின்றேன். எனக்கு ஒரு மூலை வேண்டியிருந்தது. திரையின் எந்தப் பக்கத்தில் மூலை என்று தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்துக் கேமராவுக்கு முன்னால் நீட்டினேன்.

கொஞ்ச நேரம் யாரும் கவனிக்கவில்லை. கை வலித்தது. இறக்கிவிடலாமா என்று யோசித்தேன்.

"சார், உங்க கையில என்ன அது?" என்றார் மேடம்.

"ரப்பர் மேடம்."

யாரோ சிரித்தார்கள். "எதை அழிக்கப் போறீங்க சார்?"

"அழிக்க இல்ல மேடம். எங்க வகுப்புல யாருக்காவது புரியலைன்னா ரப்பரை மேசை மூலையில தள்ளுவாங்க. வாய்ல சொல்ல வெட்கமா இருக்கும்ல, அதுக்காக. இங்க மூலை எங்கேன்னு எனக்குத் தெரியலை." ரப்பரை இறக்கினேன். "எனக்குப் புரியலை மேடம். இன்னிக்கு மட்டும் இல்ல. முதல் வாரத்துலேர்ந்தே புரியலை. எல்லாத்தையும் போட்டிருக்கேன், ஆனா எதையும் போடலைன்னு வருது."

மேடம் சிரிக்கவில்லை. "உங்க திரையை எல்லாருக்கும் காட்ட முடியுமா?"

"எந்தப் பொத்தான்னு சொன்னா நானே அழுத்தறேன்."

அவர் சொன்னார். நான் முதலில் கூட்டத்தை விட்டே வெளியே போய், திரும்பி வந்து, இரண்டாம் முயற்சியில் காட்டினேன். என் பெயர் போட்ட வகுப்பறை எல்லார் முன்னாலும் விரிந்தது. மேடம் பார்த்தார். கீழே இறக்கச் சொன்னார். இன்னும் இறக்கச் சொன்னார்.

"மாதிரி மாணவருக்கு நாலு மார்க் போட்டிருக்கே, யார் போட்டது?"

"நான்தான் மேடம்."

"'தொடக்கம் வளவளவென்று இருக்கிறது.' இது?"

"அதுவும் நான்தான்."

"'படத்தைக்கூட நேராக வைக்கத் தெரியவில்லை, வெட்கமாக இல்லையா?'"

"அது... அன்னிக்குக் கொஞ்சம் கோபத்துல எழுதினது மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டார். "சார், இது பயிற்சி வகுப்பு இல்ல. உங்களுக்குன்னு தளம் ஒரு காலி வகுப்பறை கொடுத்திருக்கு, நீங்க நடத்திப் பழகறதுக்கு. இதுல நீங்க ஆசிரியர். மாணவர்னு இங்க யாருமே இல்ல. அந்த மாதிரி மாணவர் சும்மா ஒரு பொம்மை. நீங்க போடற பாடம் எல்லாம் காலி பெஞ்சுக்குத்தான் போகுது. என் படம் இருக்கிற கட்டம் இருக்குல்ல, அதுதான் நீங்க மாணவரா வர வேண்டிய இடம்."

"அது உங்க அறைன்னு நினைச்சேன் மேடம்."

"என் அறைதான். அதுல நீங்க மாணவர்."

இத்தனை வாரமாக வகுப்பறை என்றதும் கால் தானாக ஆசிரியர் வாசலுக்குப் போயிருக்கிறது. காலி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பாடம் போட்டு, ஒரு பொம்மையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். காது சுட்டது. திரையில் எத்தனை முகங்கள் என்னைப் பார்க்கின்றன என்று பார்க்கத் துணியவில்லை.

அப்போது மின்விசிறி பேசியது.

"மேடம், ஒரு நிமிஷம். நானும் என் பேர் போட்ட ரூம்லதான் எல்லாத்தையும் போட்டிருக்கேன்."

"நீங்களுமா?"

"ஆமா மேடம். ஆனா நான் பத்துக்குப் பத்து போட்டுக்கிட்டேன்."

சிரிப்பு வெடித்தது. இந்த முறை நானும் சிரித்தேன். அதற்குள் இன்னொருவர் மைக்கைத் திறந்தார். "நானும்தான் மேடம். ஆசிரியர்னு சொல்லி ரூமும் குடுத்தா வேற எங்க போறது?" பிறகு இன்னொருவர். ஒருவர் வாயால் சொல்லாமல், பக்கத்தில் கிடந்த எதையோ எடுத்துக் கேமரா முன்னால் நீட்டினார். ரப்பர் கிடைக்கவில்லை போலிருக்கிறது, கண்ணாடிக் கூடு.

"அஞ்சு பேரா?" என்றார் மேடம். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புரியுது புரியுதுன்னுதானே தட்டினீங்க?"

மேடம் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "சரி. தப்பு பாதி என் மேலயும் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வாசலைத் திறந்து வைக்கறேன். அதுக்கு மேல என்னாலயும் முடியாது. இந்தத் தடவை மாணவரா உள்ள வாங்க."

*

சனிக்கிழமை காலை அக்கா தன் முனையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் மேடத்தின் படம் இருந்த கட்டத்தை முதல்முறையாகத் தொட்டேன். 'வருக, மாணவரே' என்று வந்தது. உள்ளே நான் பார்த்திராத ஓர் உலகமே இருந்தது. கேள்விகள், பதில்கள், மற்றவர்களின் பேச்சு. எல்லாரும் இத்தனை நாள் இங்கேதான் இருந்திருக்கிறார்கள். 'சமர்ப்பி' என்ற பொத்தானும் இருந்தது.

அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்; மவுஸை நோக்கி அவள் கை நீண்டது.

"வேண்டாம்க்கா. நீ சொல்லு, நான் செய்யறேன்."

"விடிஞ்சுடும்டா."

"விடிஞ்சாச்சு. சொல்லு."

அவள் பெருமூச்சு விட்டாள். கையைத் தொடையின் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "மேல. இல்ல, அதுக்கு மேல. உன் மேல இல்லடா, திரையில மேல." இரண்டு முறை தவறான பாடம் ஏறியது, ஒரு முறை அக்காவின் மளிகைப் பட்டியல் ஏறியது. அதைத் திரும்ப எடுக்கத் தெரியாமல் அரை நாள் போனது. ஞாயிற்றுக்கிழமை வெயில் சாயும்போது எல்லாம் உள்ளே இருந்தது. படத்தையும் நானே நேராக்கினேன். எப்படி நேரானது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மதிப்பெண் வந்தபோது இன்னொரு குழப்பம். நான் நான்கு போட்ட முதல் பாடத்துக்கு மேடம் எட்டு போட்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்த இரண்டாம் பாடத்துக்கு நான் போட்ட ஐந்தைவிடக் குறைவாகப் போட்டிருந்தார். காரணத்தைப் பலமுறை படித்தேன்; இரண்டிலும் அவர் சொன்னது சரி என்று பட்டது, நான் சொன்னதும் சரி என்று பட்டது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் தேர்ச்சிக் கோட்டை நூலிழையில் தாண்டியிருந்தேன். சான்றிதழ் வந்தது. பொறுப்பாளர் பார்த்துவிட்டு "நான்தான் சொன்னேனே, ஊதித்தள்ளுவீங்கன்னு" என்றார்.

*

இன்றுதான் எங்கள் முதல் ஆன்லைன் வகுப்பு. சாப்பாட்டு மேசையை அக்கா எனக்கு முழுதாக விட்டுக்கொடுத்துவிட்டு வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தாள். நான் வகுப்பைத் திறந்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். காவலாளி அண்ணன் வாயிற்கதவுக்குப் பக்கத்துக் கூண்டிலிருந்து வந்தார். வண்டி வரும்போதெல்லாம் எழுந்து போய்க் கதவு திறந்துவிட்டுத் திரும்பினார். டாக்சி ஓட்டுநர் ஓரமாக நிறுத்திய வண்டிக்குள் இருந்தார். தையல்கார அம்மாவின் கட்டம் மட்டும் முழு வெள்ளையாக இருந்தது.

"அம்மா, உங்க கேமரா சரியா இல்ல போல. வெள்ளையாத் தெரியுது."

தெருவில் வண்டிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா, கேமராவைத் துடைச்சுப் பாருங்க."

வெள்ளை அசைந்தது. சற்றே பின்னால் போனது. தேய்ந்த ஒரு முனை தெரிந்தது, அதில் பென்சில் கரி படிந்திருந்தது. ரப்பர்.

"எவ்வளவு நேரமாக் காட்டறேன் தம்பி சார்!" என்றது குரல். "கண்ணு தெரியலையா?"

வகுப்பே சிரித்தது. வாசற்படியில் அக்காவும் சிரித்தாள்.

"எது புரியலைம்மா?"

"நீங்க எங்க இருக்கீங்கன்னே தெரியலை. என் மூஞ்சிதான் பெரிசா இருக்கு. என் மூஞ்சியைப் பார்த்து நான் என்ன படிக்கறது?"

என் திரையில் எல்லாரும் தெரிந்தார்கள். அவர் திரையில் நான் ஏன் இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. எந்தப் பொத்தான் என்று சொல்ல முடியவில்லை. நான் ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறேன். அவர் பார்ப்பதை இங்கிருந்து பார்க்க முடியாது. 'மாணவரா உள்ள வாங்க' என்று மேடம் சொன்னது நினைவுக்கு வந்தது.

"கொஞ்சம் இருங்கம்மா. நானும் அந்தப் பக்கமா வந்து பார்க்கறேன். அக்கா, உன் போனைக் கொடேன்."

அக்காவின் போனில் மாணவராக நுழைந்தேன். 'ஆசிரியர் உங்களை அனுமதிப்பார், காத்திருங்கள்' என்று வந்தது. காத்திருந்தேன். ஏன் இவ்வளவு நேரம் அனுமதிக்கவில்லை என்று ஆசிரியர் மேல் எரிச்சல்கூட வந்தது. பிறகுதான் லேப்டாப்பைப் பார்த்தேன். 'உள்ளே விடலாமா?' என்று அது என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது. விட்டேன். ஒரே சமயத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் என் குரல் எதிரொலித்து வீடே கூவியது. அக்கா காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள். தட்டுத் தடுமாறிப் போனின் ஒலியை அணைத்தேன்.

போனில் பார்த்தேன். உண்மைதான். என் மூஞ்சிதான் பெரிதாக இருந்தது. வேறு யாரும் இல்லை. அங்குமிங்கும் தொட்டேன். விரல் தவறி வழுக்கியது. திரை நகர்ந்து, அந்தப் பக்கத்தில் எல்லாரும் இருந்தார்கள்.

"அம்மா, கண்டுபிடிச்சுட்டேன்! விரலை வச்சு இடது பக்கமாத் தள்ளுங்க."

"எதை, ரப்பரையா?"

"இல்லம்மா. திரையை."

வெள்ளை விலகியது. துணி மூட்டைகள் அடுக்கிய ஓர் அலமாரி சரிந்து வந்து போனது. பிறகு ஒரு முகம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மிக அருகில்.

"அட, இங்கதான் இருக்கீங்களா தம்பி சார்?" என்றார். "சரி, அந்தப் பேரு அரைகுறையா நிக்குது. மிச்சத்தைச் சொல்லுங்க, எழுதறேன்."